பாத்தாலே முளைக்கிற மாடி

எங்க மாப்ள, அதான் தங்கச்சி வீட்டுக்காரர், வருஷத்துக்கு ரெண்டு வார்த்தைதான் பேசுவாரு. அதுலயும் ஒண்ணு தும்மல். கல்யாணம் ஆன புதுசுல நான் அவரைக் கைஜாடையிலதான் சாப்பிடக் கூப்பிட்டேன். பார்சல் கம்பெனியில கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறாரு. அதே கம்பெனியில நான் வேன் டிரைவர். அவரு புரோகிராம் எந்த வீட்டைச் சொல்லுதோ, அங்க நான் பார்சலுக்குப் போய் நிப்பேன்.

போன வாரம் அது என்னைய ஒரு ஓட்டு வீட்டோட மூணாவது மாடிக்கு அனுப்பிருச்சு. அங்க பார்சல் எடுக்கணுமாம். அண்ணாந்து பாத்தேன். மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. அதுகிட்ட கேக்கவா முடியும்?

நேரா கம்பெனியில மாப்ள ரூமுக்குப் போனேன். தலையில கை வச்சு உக்காந்திருந்தாரு. மூணு நாள் தாடி முப்பது நாள் தாடி மாதிரி.

"என்ன மாப்ளே, இல்லாத மாடிக்கெல்லாம் ஏத்துறீங்க?"

"புரோகிராம்ல ஹாஷ்னு ஒண்ணு, மச்சான்." பல வருஷப் பேச்சு அன்னிக்கு மொத்தமா வந்துச்சு. " டப்பாக்குள்ள டப்பா. தெருவுக்குள்ள வீடு, வீட்டுக்குள்ள மாடி, மாடிக்குள்ள பார்சல். இல்லாத மாடியில பார்சல் இருக்கான்னு கேட்டா, இல்லைன்னுதானே சொல்லணும்? இது அந்த மாடியவே கட்டிட்டு, அப்புறம் 'காலி'ன்னு சொல்லுது."

"கொத்தனார் கூலி மிச்சம்! யாரு போய்க் கேட்டது?"

"நான்தான். தப்பு எங்க இருக்குன்னு தேடுறதுக்கு."

அவரு தேடத் தேட கம்ப்யூட்டருக்குள்ள ஊரே வளந்துருச்சு. நாலு வீட்டுத் தெருவுல நாப்பது வீடு.

"அட, காலியா இருக்கறதையெல்லாம் தூக்கி எறிங்க மாப்ளே."

"காலையில எறிஞ்சேன். நாம போய் பார்சல் எடுக்க வேண்டிய நிஜ வீடும், எடுக்கற வரைக்கும் கணக்குல காலி டப்பாதான். அதுவும் சேந்து போயிடுச்சு. அந்த வீட்டுக்காரங்க ஃபோன்ல கிழிக்கிறாங்க."

"மருந்தே கிடையாதா?"

"இருக்கு. முதல்ல தெரு இருக்கான்னு கேக்கணும். இருந்தாத்தான் வீடு, அப்புறம் மாடி. ஆனா கேக்குற இடம் புரோகிராம் பூரா சிதறிக் கிடக்கு. சாயங்கால வண்டி கிளம்புறதுக்குள்ள சரியாகலைன்னா, நாளைக்கு வர வேணாம்னுட்டாரு மேனேஜர்."

வண்டி பஞ்சரானா ஜாக்கி போடலாம். இதுக்கு எங்க போய் ஜாக்கி போட? பக்கத்துல நின்னு விசிறினேன். என்னால ஆனது அதுதான்.

மாப்ளயும் தட்டினாரு தட்டினாரு, விரல் தேயத் தட்டினாரு. ஒரு இடம் சரியானா ஒம்போது இடம் மிச்சம். கடைசியில கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு. தொட்டா இன்னொரு மாடி முளைச்சிருமோன்னு பயம்.

மேனேஜர் வந்தாரு. "பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்ததாலதான் சார்..."

அந்த மனுஷன் அதை நக்கல்னு எடுத்துக்கிட்டாரு. நக்கல் நம்ம குடும்பத்துல எனக்கு மட்டும்தான் வரும்னு அவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது? மாப்ளயோட அடையாள அட்டையை வாங்கி வச்சுக்கிட்டாரு.

சாயங்காலம் மாப்ள என் வேன்ல முன்சீட்டுல உக்காந்தாரு. என் கையில, போக வேண்டிய இடங்களோட லிஸ்ட்டைக் குடுத்தாங்க. முதல் இடம் என் தங்கச்சி வீடு, மூணாவது மாடி; அங்க இருக்கறதோ வெறும் மொட்டை மாடி. சோதனை பண்ணிப் பாக்க மாப்ள தன் சொந்த விலாசத்தையே போட்டிருக்காரு.

தங்கச்சி வாசலுக்கு ஓடி வந்தா. "என்னண்ணே, இவரு இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?"

மாப்ள மொட்டை மாடியவே பாத்துக்கிட்டு நின்னாரு.

"ஒரு பார்சல் இறக்கணும்மா"ன்னு சொல்லி, அவரைத் தோளைப் புடிச்சு உள்ள கொண்டுபோய் விட்டேன்.