எழுதினது ஆரு?

"முதல்ல இருங்க. எழுதினது ஆரு? ஒப்பீசா, சொந்தக்காரரா?"

கைபேசியை நீட்டியவரிடம் இதைக் கேட்காமல் தாஸிம் நானா கண்ணாடியைப் போடமாட்டார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவருடையது, தொலைபேசி அழைப்புக்கும் நகலெடுக்கவும் ஆட்கள் வரும், இரண்டு கதிரை போட்டால் நிறைந்துவிடும் கொமினிகேஷன் கடை. வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களுக்கும் வட்ஸ்அப் செய்திகளுக்கும் அவர் சொல்வதுதான் இந்தத் தெருவுக்குப் பொருள்.

நானும் ஆங்கிலம் படித்தவன் என்ற தலைக்கனத்தில் ஒருநாள் மூக்கை நுழைத்தேன். ‘த போல் இஸ் இன் யுவர் கோர்ட்’ என்று ஒரு பெரியவருக்கு வந்திருந்தது. "பந்து இப்போது உங்கள் பக்கம்" என்றேன்.

"பந்த வெச்சிக்கிட்டு இந்த மனுசன் என்ன செய்யிற?" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினார். "அவங்க செய்யிறத செஞ்சாச்சி. நீங்க பதில் போடாட்டி ஒண்டும் நடக்காது. இண்டைக்கே போடுங்க."

‘வி வில் கீப் யூ போஸ்டட்’ என்று வந்தால், அவ்வப்போது அறிவிப்பார்கள் என்று பொருள் சொல்வார். எழுதியது ஒரு நிறுவனமென்றால் கூடவே ஒன்று சேர்ப்பார்: "பத்து நாள் பாருங்க. பொறகு நீங்களே கேளுங்க." இந்த இரண்டாவது வரி எந்த அகராதியில் இருக்கிறது?

போன செவ்வாய்க்கிழமை மட்டக்குளியிலிருந்து ஜெயராணி வந்தாள். கட்டாரில் கட்டட வேலைக்குப் போன அவள் கணவர் அழகர், மேலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அங்குள்ள தாதி எழுதியிருந்தாள்: ‘ஹீ இஸ் நொட் அவுட் ஒஃப் த வூட்ஸ் யெட், பட் ஹீ இஸ் ஹேங்கிங் இன் தெயர்.’

நானா மூன்று முறை படித்தார். என்னிடம் கேட்டிருந்தால் பின்பாதியை மட்டும் சொல்லித் தப்பியிருப்பேன்.

"தங்கச்சி, ஆபத்து இன்னம் போகல்ல. போயிட்டெண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா அழகர் உட்டுக்குடுக்கல்ல, தாக்குப் புடிக்கிறார். இது பக்கத்துல இருந்து பாக்கிற புள்ள எழுதினது. சும்மா எழுதல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பதில் எழுதுங்க நானா. அவருகிட்ட சொல்லச் சொல்லுங்க, ‘சின்ன மக ஒங்களுக்குன்னு சோறு எடுத்து வச்சிட்டுத்தான் திங்கிறா, வந்துருங்க’ன்னு."

நானாவின் விரல் கைபேசியின் மேல் அப்படியே நின்றது.

"இதுக்கு இங்கிலீஸ் வேணாம்" என்றார்.

அடுத்து வருவதை அழகரின் காதருகே வைக்கும்படி தாதிக்கு ஒரே வரி அனுப்பினார். பிறகு குரல்பதிவை அழுத்திக் கைபேசியை ஜெயராணியின் கையில் கொடுத்துவிட்டு, தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை எழுந்துபோய் நிறுத்தினார்.