இரண்டு பிரேக் உள்ள வண்டி விற்பனைக்கு

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஏழு வருடம் பார்சல் வேன் ஓட்டிவிட்டு, மேலாளரோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, சேமிப்பைப் போட்டு ஒரு சிறிய கார் வாங்கித் தொழிலைத் தொடங்கினாள். அந்தக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் கால்பக்கம் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் பதறிப்போய் வேறெதையோ மிதித்தால் அக்கா அதை மிதிப்பாள். கத்த மாட்டாள். வண்டி நின்ற பிறகு, "இப்ப என்ன ஆச்சு, நீங்களே சொல்லுங்க" என்பாள். அவளிடம் படித்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. காய்கறிக் கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். அவர் வாழ்க்கையில் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான் அவள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். வேலையில்லாத நாட்களில் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன். இரவு வேலை முடித்துக் கொட்டாவியோடு வரும் நர்ஸ், வளைவு வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் முடிதிருத்துபவர், மகளுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ளும் அறுபத்து மூன்று வயதுப் பெரியவர் என்று பதினான்கு பேர். அக்கா அவர்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. முழங்காலைத்தான் பார்ப்பாள். "முகம் நடிக்கும்டீ. முழங்கால் நடிக்காது."

இந்த வருடம் காருக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. அதற்கு மேல் அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. புது வண்டிக்கு முன்பதிவு செய்திருந்தாள். பழையதை விற்றுப் புதன்கிழமைக்குள் முதல் தவணை கட்டினால்தான் கிடைக்கும். தவறினால் அடுத்த வண்டிக்கு மூன்று மாதம். அதுவரை பதினான்கு பேரும் சும்மா இருப்பார்களா? எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளிக்காரர் இப்போதே நர்ஸைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

இணையத்தில் விளம்பரம் போட்டது நான். 'இரண்டு பிரேக் உள்ள வண்டி' என்று முதல் வரியிலேயே எழுதி, அந்தப் பெடலையும் தனியாகப் படமெடுத்துப் போட்டேன். அழைத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். "அதைக் கழட்ட முடியுமா?" "அது காலை இடிக்காதா?" "பழகுறவங்க ஓட்டின வண்டின்னா கிளட்ச் நாசமாயிருக்குமே?" ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அத்தான் போனை வாங்கி, "மீதிப் பாதி வண்டியை நாங்க வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு வைத்தார். அத்தான் பல் கட்டும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார். நாள் முழுதும் பேசாத பற்களோடு இருப்பதால் வீட்டுக்கு வந்ததும் வாய் ஓயாது.

வெள்ளிக்கிழமைதான் கப்பல்காரர் வந்தார். அதாவது, அவருடைய செய்தி வந்தது. கப்பலில் பொறியாளராம். அப்பாவுக்குப் பரிசாகக் கார் வேண்டுமாம். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. 'வண்டி அருமை. பணம் இன்றே அனுப்புகிறேன். நாளை என் ஆள் இழுவை வண்டியோடு வருவார்.'

அக்கா சமையலறையில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வாரமாக இறுகியிருந்த முகம் தளர்ந்தது.

"மாடு வாங்குறவன் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான்" என்றார் அத்தான். "இவன் வாலைக்கூடப் பார்க்கலையே."

"உங்களுக்கு எதுலயும் பல்லுதான். நல்ல மனுஷன்னு ஒருத்தன் இருக்கவே கூடாதா?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இழுவை வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதே நிமிடம் அக்காவின் போனில் இரண்டு செய்திகள். ஒன்று, பணம் அனுப்பியதற்கான ரசீதின் படம். கேட்ட விலையைவிட இரண்டு மாத வாடகை அளவு அதிகம். இன்னொன்று வங்கியின் பெயரில்: 'தொகை வரவு வைக்கப்பட்டது. வாகனம் ஒப்படைக்கப்பட்டதும் விடுவிக்கப்படும்.' உடனே கப்பல்காரரின் அழைப்பு. அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"மேடம், கூடுதலா வந்திருக்கிறது இழுவைச் செலவு. அதை மட்டும் உங்க கையில இருந்து அவருக்குக் குடுத்துடுங்க. சாவியும் பேப்பரும் குடுத்துட்டா முடிஞ்சுது."

நான் ஏற்கெனவே ஆணியில் இருந்து சாவியை எடுத்திருந்தேன். அக்கா அலமாரியில் இருந்து பணக் கவரை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"சார், வண்டியில உங்களுக்குக் கேக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணும் இல்லை மேடம். எல்லாம் புரிஞ்சுது. எல்லாம் சூப்பர்."

எனக்கு அது நல்ல பதிலாகத்தான் பட்டது. அக்கா முகம் மாறியது. முதல் வகுப்பில் 'எல்லாம் புரிஞ்சுது' என்று சொல்பவர்களைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறாள். சந்தேகம் கேட்பவர் மூன்றாம் வாரம் ஓட்டுவார். எல்லாம் புரிந்தவர் முதல் திருப்பத்திலேயே சுவரில் ஏற்றுவார்.

"சரி சார். அந்த இன்னொரு பிரேக்கை அப்படியே விடவா, கழட்டித் தரவா?"

"எந்த பிரேக்? பிரேக்ல ஏதாவது கோளாறா? பரவாயில்லை மேடம், நான் பார்த்துக்கிறேன். நீங்க முதல்ல அவருக்குக் காசைக் குடுங்க."

விளம்பரத்தின் முதல் வரியைக்கூட அவர் படித்திருக்கவில்லை.

அக்கா கவரைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். செய்தியில் இருந்த எதையும் தொடாமல், வழக்கமாகப் பார்ப்பது போலத் தன் வங்கிக் கணக்கைத் திறந்தாள். நேற்று இருந்ததுதான் இருந்தது. வங்கி அட்டையின் பின்புறம் இருந்த எண்ணுக்கு என் போனில் இருந்து கூப்பிட்டாள். அங்கே பேசிய பெண், அப்படி எந்தப் பணமும் வரவில்லை, வண்டியைக் கொடுத்தால்தான் பணத்தை விடுவிப்போம் என்று எந்த வங்கியும் சொல்லாது என்றாள்.

"சார், பணம் என் கணக்குல ஏறினதும் கூப்பிடறேன். அப்புறம் வண்டி."

கப்பல்காரர் முதலில் கெஞ்சினார், பிறகு போலீசுக்குப் போவேன் என்றார். "போங்க சார், நானும் அங்கதான் வரேன்" என்றாள் அக்கா. அவர் வைத்துவிட்டார்.

இழுவை வண்டிக்காரர் வாசலில் விழித்துக்கொண்டு நின்றார். "அம்மா, என்னை யாருன்னு நினைச்சீங்க? நான் கூலிக்கு வந்தவன். உங்ககிட்ட காசு வாங்கி, என் கூலியை எடுத்துக்கிட்டு மீதியை ஒரு நம்பருக்கு அனுப்பச் சொன்னான். வண்டியை ஊருக்கு வெளிய ஒரு கொட்டகையில விடச் சொன்னான்."

"அப்ப உங்களுக்கும் டீசல் போச்சா?"

"போச்சு."

"உள்ள வாங்கண்ணே, காபி குடிங்க" என்றார் அத்தான். "ஏமாந்தவங்க சங்கத்துல இப்ப நாம நாலு பேர்."

அக்கா சிரிக்கவில்லை. சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நான்கு நாள். நான் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

காபி பாதி குடித்த இழுவைக்காரர் சொன்னார். "என் மச்சான் எலெக்ட்ரீஷியன். அவனும் வண்டி தேடிட்டுதான் இருக்கான். ஆனா சொல்ல பயமா இருக்கு. எதைப் பார்த்தாலும் நொட்டை சொல்லுவான்."

"நொட்டை சொல்ற ஆளா?" அக்கா எழுந்தே விட்டாள். "உடனே வரச் சொல்லுங்கண்ணே!"

ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியன் மனைவியோடு வந்தார். டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தார். துரு என்றார், டயர் தேய்ந்திருக்கிறது என்றார், கதவு முனகுகிறது என்றார். ஒவ்வொரு குறைக்கும் அக்காவுக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில், "அந்த ரெண்டாவது பிரேக் இருக்கட்டும். ஓட்டப் போறது இவ. பக்கத்துல உக்காந்து நான் சும்மா கத்திட்டிருந்தா குடும்பம் நிக்காது" என்றார். விலையில் கொஞ்சம் குறைந்தது. தவணைக்குப் போதும்.

செவ்வாய்க்கிழமை பகலில் எல்லோரும் அக்காவின் வங்கிக் கிளைக்கே போனோம். அது அக்கா போட்ட நிபந்தனை. அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டார்கள். எலெக்ட்ரீஷியன் அங்கேயே அக்கா கணக்குக்குப் பணத்தை மாற்றினார். ரசீதைக் காட்ட வந்தபோது, "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா வரிசையில் நின்றாள். கவுன்ட்டரில் இருந்தவர் அவள் கணக்கைப் பார்த்து, "வந்துடுச்சும்மா, எடுக்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து. அதற்கும் பிறகுதான் சாவி. அங்கேயே புது வண்டியின் முதல் தவணையும் போனது.

எலெக்ட்ரீஷியனின் மனைவிதான் ஓட்டுவேன் என்று பிடிவாதமாக ஏறினாள். வங்கி வாசலிலேயே வண்டி மூன்று முறை குதித்து நின்றது. பின்னால் ஹாரன் சத்தம். பக்கத்தில் இருந்த கணவர் கத்த வாயைத் திறந்து, எங்களைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அக்கா ஜன்னலருகே குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இப்ப என்ன ஆச்சு, நீங்களே சொல்லுங்க."

"கிளட்ச்சை டக்குன்னு விட்டுட்டேங்கா. எங்க விடணும்னே தெரியல. அது எப்படித் தெரியும்?"

"நல்ல கேள்வி" என்றாள் அக்கா, பையில் இருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தபடி. "வியாழக்கிழமை என் புது வண்டி வருது. காலைல ஆறரைக்கு வர முடியுமா?"