ஆப்பிள் பஜ்ஜியும் ஏழாவது வரியும்

வாழைக்காய்ச் சீவலை எண்ணெயில் போட்டால் ஒரே சீராகக் கொதித்து அடங்கிவிடும்; ஆப்பிள் அப்படியல்ல, மாவுக்குள்ளிருந்தே சடசடவென்று வெடித்து, கிட்டே நிற்பவர் முழங்கையில் ஒரு பொட்டு எண்ணெயையாவது தெளித்துவிட்டுத்தான் ஓயும். "வாழக்கா சொன்ன பேச்சு கேக்கும், இது திட்டும்" என்பாள் என் அம்மா. அந்தச் சத்தமும், பாதி பஜ்ஜிக் கடை பாதி வெல்லப் பாகு என்று அதோடு எழும்பிவரும் வாசனையும், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசி மழையில் தொடங்கி மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் ஏறக்குறைய எல்லா மாலைகளிலும் இருந்தன.

பெரிய காஞ்சிபுரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் ஆப்பிளை யாரும் ஆசைக்கு வாங்கித் தின்று நான் பார்த்ததில்லை. யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தால், அவர்களைப் "பார்க்கப் போகிறவர்கள்" கையில் கொண்டுபோகும் பழம் அது. அரை கிலோ ஆப்பிள், ஒரு பொட்டலம் ரொட்டி. அதைவிடக் குறைவாகக் கொண்டுபோனால் மரியாதையில்லை. ஒருவருக்கு உடம்பு எவ்வளவு மோசம் என்பதை அவர் வீட்டு அலமாரியில் சேர்ந்திருக்கும் ஆப்பிளைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த ஐப்பசியில் எங்கள் அலமாரியின் கீழ்த்தட்டு நிரம்பி, மீதியை அம்மா அரிசிப் பானை மூடிமேல் அடுக்கிவைத்திருந்தாள்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வெங்காய லாரியின் பின்னால் போய் நின்றார் என்றால், வண்டி காலியாகும்வரை தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். அப்படிப்பட்டவருக்குக் கால் வீங்கியது, பேசினால் மூச்சு வாங்கியது, ஒரு நாள் மூட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, இருதயம் வீங்கியிருக்கிறது, இனி மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கிளம்பும்போது எக்ஸ்ரேயும் மாத்திரையும் மடித்த தாள்களும் வைத்த ஒரு "கவரை" அம்மாவிடம் கொடுத்த நர்ஸம்மா, "எல்லாம் இதுல இருக்கு, படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அம்மா என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "எம் பொண்ணு படிக்கும்" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிற ஆளை "ரைட்டர்" என்பார்கள், அவர் எழுதியதுதான் சட்டம். வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்தால் அப்பா என்னைப் பார்த்து, "நம்ம வூட்டு ரைட்டர கூப்புடு" என்பார். கூப்பிடாமலே நான் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். பேருந்துப் பலகையிலிருந்து தீப்பெட்டி வரைக்கும் கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு திரிந்த பெண் நான். அந்தக் கவரை வீடுவரைக்கும் என் மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. கஞ்சியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தால் பஞ்சைத் தின்பதுபோல இருக்கிறது என்று துப்பினார். மூன்று நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. அம்மா பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பஜ்ஜி வண்டியில் மாவு கரைக்கப் போய்க்கொண்டிருந்தவள்; அவளுக்குத் தெரிந்த மருந்து அதுதான். நான்காம் நாள் ஆப்பிளை நறுக்கி மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டாள். அப்பாவின் அக்கா, மாகறலில் இருக்கிற எங்கள் அத்தை, அன்றைக்கு வந்திருந்தார்.

"ஏன்டி கோமளா, ஆப்பிள எண்ணெயில போடறவள இப்பதான் பாக்கறேன். நாளைக்கு திராட்சைக்குத் தாளிப்பியா?"

"தாளிச்சா உங்க தம்பி துன்னுவாருன்னா தாளிப்பேன், அண்ணி."

முதல் ஈடு துவண்டுபோய் ஈரப் பணியாரம் மாதிரி வந்தது. அப்பா ஒன்றைக் கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டார். அம்மா விடவில்லை. மறுநாள் ஆப்பிளைத் தோலோடு வட்டம் வட்டமாக நறுக்கி, நடுவிலிருக்கும் விதையை சோடா மூடியால் அழுத்தி எடுத்து, வட்டங்களைப் பழைய வேட்டித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு உள்ளங்கையால் தட்டித் தட்டி ஈரத்தை எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றையும் காய்ந்த அரிசி மாவில் இரண்டு பக்கமும் புரட்டினாள். கடலை மாவும் அரிசி மாவும் சரிபாதி சேர்த்து, காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றிக் கரைத்த மாவில் தோய்த்து, முக்கால் வேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடியும் ஒருமுறை போட்டு எடுத்தாள். அப்பா கடித்த சத்தம் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. உள்ளே ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தார்.

"நாக்கு செத்துப்போச்சு கோமளா. இது காதுல ருசி தெரியுது" என்றார்.

ஐந்து தின்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்கும் இரண்டு கிடைத்தது. வெளியே மொறுமொறுவென்று உடைந்து உள்ளே வெல்லம்போல் இளகிய அந்த வட்டத்தை நடு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போய்வந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அத்தை மறுபடியும் வந்தார், நார்த்தங்காய் ஊறுகாயோடு. "உப்புல ஊறினது, குடுக்கலாமா கூடாதா? சீட்டுல இன்னா போட்டுக்குதுன்னு பாரு" என்றார். அதுவரை நான் மாத்திரைச் சீட்டை மட்டும்தான் படித்திருந்தேன். சாப்பாட்டுத் தாள் எக்ஸ்ரேயோடு ஒட்டிக்கொண்டிருந்ததை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பிரித்தேன். தமிழில் அச்சடித்த ஒன்பது வரிகள். நான் அறை நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்கிற குரலில் படித்தேன். உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் கூடாது. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. பீடி, சிகரெட் கூடாது. ஒவ்வொரு வரிக்கும் அம்மா சுண்டுவிரலில் தொடங்கி, கட்டைவிரல் இரண்டையும் கடைசிக்கு விட்டு, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தாள்.

ஏழாவது வரி: எண்ணெயில் பொரித்த பண்டங்களை அறவே தவிர்க்க வேண்டும்.

அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வேட்டித் துணியில் ஆப்பிள் வட்டங்கள் பரப்பியிருந்தன. கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா தன் ரைட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் எட்டாவது வரியைப் படித்தேன்: கால் வீங்கினால் உடனே வர வேண்டும். பிறகு ஒன்பதாவது: மாத்திரையை நிறுத்தக் கூடாது. முடித்தபோது அம்மாவின் இரண்டு கையிலும் எட்டு விரல்கள் மடங்கி, கட்டைவிரல் இரண்டும் நிமிர்ந்து நின்றன. "தடுக்காம ஒரே மூச்சா படிக்குதே" என்று அத்தை என் தாடையைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்.

ஏன் விட்டேன் என்று என்னை நானே கேட்காத வருஷமில்லை. அப்பா சாப்பிட்டாரே, அது நின்றுவிடுமே என்று பயந்தேன் என்பது ஒரு பதில். எனக்கும் தினம் இரண்டு கிடைத்துக்கொண்டிருந்தது என்பது இன்னொரு பதில். முதல் பதிலை மட்டும் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

கேட்ட எட்டு வரியையும் அம்மா சாமி உத்தரவுபோல நடத்தினாள். உப்பு ஜாடி பரண்மேல் போயிற்று. பஜ்ஜி மாவில் உப்புக்குப் பதில் ஓமமும் மிளகாய்த்தூளும்தான். அப்பா குடிக்கும் தண்ணீரை அவருடைய டம்ளரில் அளந்து வைத்தாள். அவர் முதுகில் போட்டுச் சுமந்த சாக்குகளையே மடித்துத் தலையணைக்கு அடியில் கொடுத்தாள். ஊறுகாய் அத்தையோடு மாகறலுக்கே திரும்பிப் போயிற்று. "ஜெயில்ல போட்டாமாதிரிக்குதுமே" என்று அப்பா அலுத்துக்கொண்டால், "சீட்டுல போட்டுக்குது, நான் இன்னா பண்றது?" என்பாள்.

அவர் தேறினார் என்பதையும் சொல்ல வேண்டும். கார்த்திகையில் எழுந்து உட்கார்ந்தார். தெருக்கோடி டீக்கடைவரை போய் நின்றுவிட்டு வந்தார். பார்க்க வருகிறவர்கள் குறைந்து ஆப்பிள் வரத்து நின்றபோது, கூட மூட்டை தூக்கியவர்கள் பழ மண்டியில் ஒதுக்கிய அடிபட்ட ஆப்பிளைக் கொடுத்தனுப்பினார்கள். எண்ணெய்ச் சட்டி ஓயவில்லை. நானோ, அது திட்டத் தொடங்கினாலே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், "உடம்பு சரியில்லாதவங்க எண்ணெய்ப் பண்டம் துன்னக் கூடாதாம்மா, டீச்சர் சொன்னாங்க" என்றேன். டீச்சர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"டீச்சர் உங்கப்பாவ வந்து பாத்தாங்களா?"

"இல்ல."

"சீட்டுல போட்டுக்குதா?"

கவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி எடுத்துப் பிரித்தால் போதும்.

"இல்லம்மா."

"அப்புறம் இன்னா? அந்தச் சோடா மூடிய எடு."

தை கடைசியில் அவருக்குக் கால் மறுபடியும் வீங்கியது. அம்மா ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை, ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "சாப்பாடெல்லாம் சொன்ன மாதிரிதானே குடுக்கறீங்க?" என்று கேட்டபோது, அம்மா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எட்டையும் ஒப்பித்தாள். ஒரு வார்த்தை தவறவில்லை. வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு நடுவே டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, "நல்லா பாத்துக்கறீங்கம்மா" என்றார். அம்மா என்னைக் காட்டி, "எம் பொண்ணுதான் படிச்சி சொல்லுச்சி" என்றாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் மேஜையிலிருந்த பேனாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு காலை, பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறச் சில நாட்களே இருந்தபோது, அப்பா எழுந்திருக்கவில்லை. தலைமாட்டில் முதல் நாள் தின்று மீந்த ஒரு வட்டம் தட்டில் இருந்தது. அவர் படுத்த பாய், தலையணை, சாக்கு, மாத்திரை எல்லாவற்றையும் வழக்கப்படி கூடவே கொண்டுபோனார்கள். ஆணியில் தொங்கிய கவரும் அதோடு போயிற்று. அந்த ஏழாவது வரி இப்போது என் தலைக்குள் தவிர வேறெங்கும் இல்லை.

வருஷந்தோறும் மாசியில் அப்பாவுக்குப் படைக்கிறோம். இலையில் சோறும் கறியும் வைத்து, நடுவில் அம்மா ஆப்பிள் பஜ்ஜி வைப்பாள். "இதுதான் எந்தம்பிய நாலு மாசம் புடிச்சி வெச்சிக்கினு இருந்துது" என்று அத்தை வந்தவர்களுக்கெல்லாம் சொல்வார். அம்மா மறுப்பதில்லை, அவள் வாழ்க்கையில் அவள் ஜெயித்த ஒரே விஷயம் அது. காக்கைக்கு வைத்துவிட்டு வந்து முதல் வட்டத்தை என் கையில்தான் கொடுப்பாள். நான் மென்று விழுங்குவேன். அதே மொறுமொறுப்புதான், மாறவில்லை.

நான் பட்டம் முடித்தேன். தேர்வெழுதி அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் தெருவில் அப்படிப் போன முதல் பெண் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை. கொண்டுவருகிறவருக்குப் படிக்கத் தெரியாதென்றால், எந்தக் காகிதமானாலும் கடைசி வரிவரை படித்துச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவேன். பக்கத்து மேஜைக்காரர், "மேடம், அச்சடிச்சவன் பேரையும் படிச்சிருங்க" என்று கேலி செய்வார். ஒருமுறை தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவ்வளவு வீங்கிய இருதயத்தை எண்ணெய்ப் பண்டம் கெடுத்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம், இத்தனை வருஷம் கழித்து யாரம்மா சொல்ல முடியும் என்றார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் இன்று வண்டிகள் நிற்கின்றன. பேருந்து நிலையத்துப் பஜ்ஜி வண்டி இல்லை. ஆப்பிள் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் வருகிறது, சும்மா இருக்கிறவர்களே வாங்கித் தின்கிறார்கள்.

போன மாதம் அம்மாவுக்குச் சர்க்கரை என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் எதிரில் உட்காரவைத்துப் படித்தேன். பதினான்கு வரிகள். எண்ணெயில் பொரித்தது கூடாது என்பது அதில் நான்காவது. அதை இரண்டு தடவை படித்தேன். அம்மா சுண்டுவிரலில் தொடங்கி மடக்கிக்கொண்டே போனாள். இரண்டு கட்டைவிரலும் மடங்கிவிட்டன. திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. முடித்தபோது தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்கு எட்டுதானே? கட்டவெரலு ரெண்டும் மிஞ்சிச்சே."

"ஆமாம்மா" என்றேன். "எட்டுதான்."

"ஒண்ணு வுடாம செஞ்சேன். அப்பவும் நிக்கலியே அந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு, அம்மா மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.