தூக்காத அஞ்சு நிமிஷம்

தைராய்டுக்காக எனக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தாங்க. ஒரே ஒரு மாத்திரை. மூணு வாரத்துக்குக் கைக்குழந்தை பக்கம் போகாதீங்கன்னு டாக்டர் சொன்னப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அம்மா போனதுக்கப்புறம் தருமபுரத்து வீட்ல நான் ஒருத்திதான். பல்லியைத் தவிர என் பக்கத்துல வர யாரு இருக்கா?

மறுவாரமே பாரிஸ்லேருந்து தங்கச்சி போன் பண்ணினா. மாசக் கடைசியில இங்க நம்ம ஊர் மாதா கோயில்ல வச்சிருந்த அவ குழந்தையோட ஞானஸ்நானத்தை, அவ புருஷனுக்கு லீவு மாறினதால முன்னாடியே வச்சுட்டாங்களாம். ஞானத்தாய் நான். கோயில்ல பிள்ளையைக் கையில ஏந்தி நிக்க வேண்டியவ. அதுக்குன்னே ஒரு வெள்ளைப் பட்டு எடுத்து வச்சிருந்தேன். கல்யாணம், குழந்தைன்னு எதுவும் அமையாத எனக்கு அந்தப் பிள்ளைமேல அப்படி ஒரு ஆசை. எண்ணிப் பார்த்தா, ஞானஸ்நானத்தன்னைக்கு மாத்திரை போட்டுப் பதினேழாம் நாள்தான் ஆகும்.

டாக்டர்கிட்ட கேட்டேன். "அஞ்சு நிமிஷந்தானே டீச்சர், தூக்குங்க. ஒண்ணும் ஆகாது"ன்னார்.

வேற யாரா இருந்தாலும் தூக்கியிருப்பாங்க. நான் பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவளாச்சே. மூடின டிராயருக்குள்ள யுரேனிய உப்போட கிடந்த போட்டோத் தகடு வெயிலே படாம கறுத்துப்போன கதை, அதுக்கப்புறம் ரேடியத்தைப் பிரிச்செடுத்த அந்த விஞ்ஞானியம்மா அது இருட்டுல மின்னுறதைப் பார்த்து ரசிச்ச கதை, எல்லாம் வருஷா வருஷம் சொல்லி வாய் வலிச்சவ. அவங்களும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைச்சாங்க. விரல் வெந்ததுக்கப்புறமும் நினைச்சாங்க.

முடியாதுடின்னுட்டேன்.

"டாக்டரே சரின்னுட்டார்ங்கிற. பிள்ளையைத் தூக்க உனக்கு மனசில்ல, அதைச் சொல்லுக்கா"ன்னா தங்கச்சி. எனக்குப் பதிலா அவ நாத்தனார் ஞானத்தாயா நின்னா. நான் அந்த வெள்ளைப் பட்டைக் கட்டிக்கிட்டுப் போய்க் கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். தலையில தண்ணி ஊத்தினதும் பிள்ளை வீல்னு கத்துச்சு. நாத்தனாருக்குச் சமாதானப்படுத்தத் தெரியல. என் கை ரெண்டும் மடியிலேயே கிடந்துச்சு. மூணு நாள்ல அவங்க கிளம்பிட்டாங்க.

போன வாரம் வகுப்புல, பலூன்ல ஏறிப்போய், மேல போகப் போக விண்வெளியிலேருந்து வர்ற கதிர் கூடுதுன்னு கண்டுபிடிச்சவரைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு பொண்ணு எழுந்து, "அப்போ பிளேன்ல போனா நம்ம மேலயும் படுமா மிஸ்?"னு கேட்டுச்சு. போர்டுல கணக்குப் போட்டேன். பாதியிலயே சாக்பீஸ் நின்னுடுச்சு. பாரிஸ்லேருந்து வந்த அந்தப் பத்து மணி நேரத்துல பிள்ளைமேல பட்ட கதிர், அஞ்சு நிமிஷம் என் கையில இருந்திருந்தா பட்டிருக்கக்கூடியதைவிடப் பல மடங்கு. இது எனக்குத் தெரியாத பாடமா? பயத்துல பாதிப் பாடத்தை மறந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். தூக்கியிருக்கலாம்டின்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன்"னு சொல்லிப் போனை வச்சுட்டேன்.