லாரி வரும் நேரத்துக் காவல்

மாடம்பாக்கத்தில் நாங்கள் வீடு கட்டிப் போனபோது தெருவில் பாதி காலி மனை. கோடையில் கிணறு வற்றிவிடும். தண்ணீர் லாரி தெருமுனையில்தான் நிற்கும், உள்ளே வராது. ஹாரன் கேட்டதும் பெண்கள் எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கதவைப் பூட்ட யாருக்கு நேரம்?

அந்த நேரம் பார்த்துத் திருட்டு நடந்தது. ஒரு வீட்டில் குக்கர் போனது. இன்னொரு வீட்டில் பித்தளை அண்டா. ராத்திரியிலும் திருட்டு இருந்ததால் ஆண்கள் விசில் வைத்துக்கொண்டு சுற்றினார்கள். ராத்திரித் திருட்டு நின்றது. பகலில் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இருந்தார்.

பகல் காவலை நாமே பார்ப்போம் என்று பெண்களிடம் சொன்னேன். லாரி வரும்போது ஒருத்தி தெருவில் நிற்க வேண்டும். அவள் குடத்தை மற்றவர்கள் பிடித்து வர வேண்டும். அவ்வளவுதான்.

எல்லோரும் சரி என்றார்கள். நிற்கத்தான் ஆள் இல்லை.

"நீ நிக்கிறியா?" என்று எதிர்வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"நானா? இவளுங்கள நம்பி குடுத்தா தண்ணியும் வராது, கொடமும் வராதுக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னது பொய்யில்லை. லாரியடியில் அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது.

நானே நிற்கிறேன் என்றேன். என் மாமியார் படுத்த படுக்கை. கழுவ, துடைக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். வீட்டில் அரை வாளிதான் இருந்தது. அடுத்த லாரி எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. இருந்தாலும் நாலு குடத்தையும் எதிர்வீட்டுக்காரியிடமும் அவள் பக்கத்து வீட்டுக்காரியிடமும் கொடுத்தேன். சொன்னவளே நிற்காவிட்டால் வேறு எவள் நிற்பாள்?

லாரி வந்தது. தெரு காலியானது. வேப்பமரத்தடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒருவன் சைக்கிளில் வந்தான். எதிர்வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, நேராக உள்ளே போனான். உறவுக்காரன் என்றால் வாசலில் நின்று கூப்பிட்டிருப்பான்.

கத்தினால் லாரி இரைச்சலில் யாருக்கும் கேட்காது. போய் அவன் சைக்கிளின் இரண்டு சக்கரத்து வால்வையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாக்குப்பையோடு வெளியே வந்தான்.

"யாருப்பா நீ?"

"மிக்சி ரிப்பேருக்கு வந்தேன்க்கா. அந்தம்மாதான் எடுத்துனு போவச் சொல்லிச்சு."

"அந்தம்மா லாரியாண்ட கீது. உள்ள யாரு குடுத்தா, மிக்சியே வந்து ஏறிக்கிச்சா?"

அவன் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தப் பக்கம் ஏரி. இந்தப் பக்கம் அத்தினி பொம்பளைங்க. எப்படிப் போவணும்னு நீயே பாத்துக்கோ. பைய வெச்சிட்டுப் போ."

பையை வைத்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிப் பக்கம் போனான்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். என் குடங்கள் நாலும் காலி.

"அவ புடிப்பான்னு நான் உட்டேன்க்கா. நான் புடிப்பேன்னு அவ உட்டுட்டா. அதுக்குள்ள தண்ணி தீந்துச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

சாக்குப்பையை அவள் காலடியில் வைத்தேன். திறந்து பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு எழுந்து தன் இடுப்புக் குடத்தை என் குடத்தில் கவிழ்த்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. மற்றவர்களும் ஆளுக்கு ஒரு செம்பு, இரண்டு செம்பு ஊற்றினார்கள்.

"அடுத்த லாரிக்கு நான் நிக்கிறேன்" என்றாள்.

"நில்லு. ஆனா, நிக்கிறவ கொடம்தான் மொதல்ல ரொம்பணும். அது ரொம்பாம எவளும் தன் கொடத்த நீட்டக்கூடாது" என்றேன்.

குடங்களை உள்ளே கொண்டு போனேன். மாமியாருக்கு உடம்பு துடைத்து, புடவை மாற்றிவிட்டேன்.

மழை வரும்வரை முறை மாற்றி நின்றோம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு கரண்டிகூடப் போகவில்லை. நிற்பவள் குடம் ஒரு நாளும் காலியாக வரவில்லை.