தோளுக்குப் பேசிய கூலி

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அரிசி கூப்பனுக்கு வந்துவிட்டது. அதுவரை, எண்ணெய் போட்டு உருவிவிடப் போன வீடுகளில் நான் கூலி பேசியதே இல்லை. பிள்ளை பெற்றவளின் இடுப்போ, விழுந்தவளின் முழங்காலோ, உருவி முடிந்ததும் சுளகில் ஒரு கொத்து அரிசி வரும். சில வீடுகளில் ஒரு பழஞ்சீலையும் வரும். அரிசி தட்டுப்பட்டதும் அதே சுளகில் ஒடியல் வந்தது. காயவைத்த பனங்கிழங்குக்கு என் வீட்டிலும் பஞ்சமில்லை. கூப்பன் கடைக்காரன் காசு கேட்டான். நல்லெண்ணெய்க்கும் காசுதான். பாய்க்கப்பலில் வேலை பார்த்த என் கணவர், ஓட்டம் நின்றதால் முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

அந்தச் சோழகக் காற்றுக் காலத்தில்தான் புங்குடுதீவு மடத்துவெளியிலிருந்து ஆள் வந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்த ஒரு அம்மாவுக்கு வலக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. எங்கள் புளியங்கூடலிலிருந்து கரைக்கு நடந்து, தோணியில் கடந்து, திரும்பவும் நடக்க வேண்டும். போய்வரவே ஒரு பகல் போய்விடும்.

இரண்டு நாள் போனேன். இரண்டு நாளும் ஒடியல். மூன்றாம் நாள் தோணியில் போகும்போதே கேட்க வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இருக்கை கொள்ளவில்லை. தோணிக்காரர், "ஆடாமல் இரும் பிள்ளை" என்று அதட்டினார்.

அந்த வீட்டு மகனுக்குக் கொழும்பில் கடை. குண்டுப் பயத்தில் பூட்டிவிட்டு வந்திருந்தார். உருவி முடிந்து கை கழுவியதும், கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவரிடம் போனேன்.

"தம்பி, நாளுக்கு ஒரு ரூபா வேணும். தோணிக் கூலி வேறை."

"ஒரு ரூபாவோ? நீர் ஒரு மணித்தியாலம்தானே உருவிறீர்?"

"உருவிறது ஒரு மணித்தியாலம். வந்து போறது ஒரு பகல். எண்ணெயும் என்ரை."

"மற்ற வீடுகளிலை குடுத்ததைத்தானே வாங்கினனீர்?"

"ஓம், வாங்கினனான். இனி ஏலாது."

"அப்ப நாளைக்கு வர வேண்டாம்."

வந்துவிட்டேன். அடுத்த நாலு நாளும் ஒரு இடத்தில் இருக்க என்னால் முடியவில்லை. கூட்டின முற்றத்தையே திரும்பக் கூட்டினேன். வாசல் படலையடிக்குப் போய் ஒழுங்கையில் ஆள் வருகிறதா என்று பார்த்தேன். அந்தத் தோள் மூன்று நாளில் கொஞ்சம் இளகியிருந்தது; விட்டால் மறுபடி இறுகிவிடும் என்று என் விரல்களுக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் என்மேல் கோபம் வந்தது, பிறகு அவர்மேல் வந்தது. "அரை ரூபா கேட்டிருக்கலாம்" என்றார் கணவர். நான் திரும்பவும் விளக்குமாற்றை எடுத்தேன்.

ஐந்தாம் நாள் தோணிக்காரர் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே நாலு ரூபா. அம்மா தந்தவவாம். வரச் சொன்னவவாம். மகனுக்குச் சொல்ல வேண்டாமாம்.

நாலு ரூபா! அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்தேன். கூப்பன் அரிசி நினைவுக்கு வந்தது. பிறகு முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தோணியிலேயே போனேன்.

அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். முடிச்சைத் திருப்பி அவர் பக்கத்தில் வைத்தேன்.

"ஏன் பிள்ளை, காசு காணாதோ?"

"காணும் மாமி. ஒளிச்சு வாங்கினால் நான் கேட்டதே பிழை எண்டு ஆகிடும்."

குரல் கேட்டு மகன் வாசலில் வந்து நின்றார். அம்மா முடிச்சை மறைக்கப் பார்த்தார்; வலக்கை வரவில்லை. முகம் சிவந்துபோயிற்று. பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"தம்பி, தோள் என்ரை. கூலியை நான் பேசிறன்."

அவர் பேசின பேச்சில்தான் எனக்கு வியர்த்தது. மகனைவிட இறுக்கம்.

"ஒரு ரூபா எண்டது கூடிப்போச்சு. முக்கால் ரூபா தாறன். தோணிக் கூலி தாறன். எண்ணெய் இஞ்சை இருக்கு. கை எழும்பாட்டி?"

"எழும்பாட்டியும் என்ரை நாள் நாள்தான் மாமி."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா சிரித்துவிட்டார். "சரி, முந்தி வந்த மூண்டு நாளுக்கும் சேத்துத் தாறன். இரு, தொடங்கு."

இருபத்தாறு நாள் உருவினேன். அவர் நோவில் என்னைத் திட்டினார், நான் விடவில்லை. ஒருநாள் என் முன்னாலேயே இரண்டு கையாலும் கொண்டை போட்டுக்கொண்டார். முடித்ததும் அது அவிழ்ந்து விழுந்தது. திரும்பப் போட்டார்.

கடைசி நாள் மகன்தான் காசு தந்தார். காற்றால் பாதி வழியில் தோணி திரும்பிய ஒரு நாளைக் கழித்திருந்தார். நான் அதையும் கேட்டேன். பாதி கிடைத்தது.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைப்பதற்கு முன்பே கூலியைச் சொல்லிவிடுவேன். போத்தல் அதுவரை என் இடுப்பிலேயே இருக்கும். இரண்டு வீடுகள் என்னைத் திருப்பி அனுப்பின. அதில் ஒன்றில் உள்ளே ஒருத்தி இடுப்பு நோவில் முனகுவது கேட்டது. படலைவரை வந்து நெடுநேரம் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.