பால்பாண்டி அண்ணாச்சியின் பன்னிரண்டாவது படம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை செய்தி வந்தபோது நான் அடுத்த வருஷத்து அக்டோபர் மாதத்தில் இருந்தேன். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் டிசைன் பார்க்கிறவர்களின் பிழைப்பு அப்படி. ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளிவர வேண்டும் என்பதால், சித்திரை வெயிலிலேயே அடுத்த ஆண்டு தீபாவளிப் பக்கம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி வாசலில் வந்து நின்றார். "நம்ம பால்பாண்டி போயிட்டாரும்மா. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே..." என்றார். "எந்தப் பால்பாண்டி?" என்று கேட்டேன். அந்தக் கூறுகெட்ட கேள்வியை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. நமக்கு எத்தனை பால்பாண்டி?

கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நான்தான் செய்தேன். ஓரிடத்தில் உட்கார்ந்து அழ எனக்கு வராது, கைக்கு வேலை வேண்டும். போஸ்டரைத் தெருவெல்லாம் ஒட்டி முடித்த பிறகு அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "வருசத்தப் பாத்தியா தாயி?" பார்த்தேன். நாளும் மாதமும் சரி. அடுத்த வருஷத்தைப் போட்டிருந்தேன். தை மாதத்திலிருந்து அந்த எண்ணையே அடித்தடித்து விரல் பழகிப்போயிருந்தது. மூன்று பேர் சரிபார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவர்களும் எங்கள் அச்சகத்து ஆட்கள்தானே. கிழித்துவிட்டு வேறு ஒட்டச் சொல்கிறேன் என்று எழுந்தேன். மதினி கையைப் பிடித்து உட்கார வைத்தார். "கெடக்கட்டும் விடு. போஸ்டர்லயாவது ஒரு வருசம் கூட இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அண்ணாச்சி எங்கள் கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கிறவர். மாதிரி ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போனவர். சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. ஜன்னலோரம் இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார் என்பது அவரோடு போன, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கிற உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த ஜன்னலில் பிறந்த ஆசைதான் சாலையோர விநோதங்களை வைத்து ஒரு மாதக் காலண்டர். "லீவு விட்டதும் புள்ள குட்டியோட கார்ல கெளம்புறான். கொடைக்கானல் வந்தாத்தான் கண்ணையே தொறக்கான். வழியில எம்புட்டு கெடக்கு, ஒரு பய பாக்கானா?" என்பார்.

முதலாளிக்குச் சாமி படம், குழந்தை படம், அருவி படம் மூன்றும் போதும். அண்ணாச்சி விடாமல் அரித்ததில் இந்த வருஷம்தான் இறங்கி வந்தார். "வைகாசி முடியிறதுக்குள்ள பன்னெண்டு படம் வந்தா போடுவோம். பதினொண்ணு வந்தாலும் அருவிதான்" என்றார். ஆபீஸின் பழைய காரை ஓட்டவும் படம் எடுக்கவும் நான். கை காட்ட அண்ணாச்சி. ஞாயிறு தோறும் கிளம்பினோம். ஏசி போட விடமாட்டார். "கண்ணாடிய ஏத்துனா ரோடு செத்துப்போகும் தாயி" என்று இடதுபக்கக் கண்ணாடியை இறக்கிவிடுவார். புழுதியெல்லாம் என் வாயில்.

சாத்தூர் சாலையில் ஒரு பட்டாசுக் கடை மாடியில் தகர ராக்கெட் ஒன்று நிற்கிறது, மாடியை விட உயரம். வருகிறவர்களெல்லாம் விலை கேட்பார்களாம். அண்ணாச்சி மட்டும், "இத விட்டா எங்கன போயி விழும்?" என்று கவலைப்பட்டார். கடைக்காரர், "ஒங்க ஊரு பக்கந்தான் அண்ணாச்சி" என்றார். ஆலங்குளம் பக்கம் ஒரு கொத்தனார் வீட்டு வாசலில் சிமெண்டு டைனோசர். அது எப்படி வந்தது என்று கேட்டோம். "பல்லிதான் செய்ய ஆரம்பிச்சேன். சிமெண்டு மிஞ்சிருச்சு" என்றார். இன்னொருவர் தோட்டத்து மோட்டார் அறையை விமானமாகவே கட்டியிருந்தார், இறக்கையில் மிளகாய் காய்ந்தது. அவர் மனைவியை விமானப் பணிப்பெண் மாதிரி வாசலில் நிறுத்தி நான் படம் எடுத்தேன். அந்த அம்மா சிரித்த சிரிப்புதான் ஜூலை மாதம்.

எங்கே என்ன பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லவே மாட்டார். கேட்டால், "சொன்னா ருசிக்காது, வந்து பாரு" என்பதுதான் பதில்.

பதினொன்று சேர்ந்துவிட்டது. கடைசி ஞாயிறு, காரியாபட்டியைத் தாண்டி மல்லாங்கிணறு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்றிரவுக்குள் ஒரு ஆர்டருக்கு ஃபைல் அனுப்பவேண்டும். எனக்குத் தலைவலி வேறு. அண்ணாச்சி திடீரென்று இருக்கையில் துள்ளினார். "நிப்பாட்டு தாயி! பன்னெண்டாவது ஆம்புட்டுருச்சு!"

"பேசாம வாங்க அண்ணாச்சி. மனுசிக்கு மண்ட வெடிக்குது."

அவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வெகுதூரம் பார்த்தபடியே வந்தார். பிறகு எனக்கே உறுத்தி, அப்படி என்னத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "சொன்னா ருசிக்காது" என்றார். கோபமில்லை. "அது எங்கன போயிரப் போகுது? அடுத்த வாரம் பாப்போம்" என்றார். எனக்கு எப்போதும் அடுத்த வாரம், அடுத்த மாதம், அடுத்த வருஷம். இரண்டு நிமிடம் பிரேக்கை மிதித்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? செவ்வாயன்று அவர் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தனியாக அந்தச் சாலைக்குப் போனேன். கண்ணாடியை இறக்கிவிட்டு நடைவேகத்தில் ஓட்டினேன். பின்னால் லாரிக்காரர்கள் என்னைத் திட்டாத திட்டில்லை. சட்டை போட்ட சோளக்கொல்லைப் பொம்மை தெரிந்தது. இதுவா? கிளை விட்ட பனை ஒன்று. இதுவா? எல்லாமே அதுவாக இருக்கலாம் போலிருந்தது, எதுவும் அதுவல்ல போலவும் இருந்தது. இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை, ஒரு சின்ன ஊரின் முகப்பில், அப்போதுதான் வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே ஒரே ஒரு அழுக்குச் சுவர் கண்ணில் பட்டது. பிரேக்கை மிதித்தேன்.

சுவர் நீளத்துக்கும் ஒரு பஸ். நிஜ பஸ்ஸின் அளவு. ஜன்னல்தோறும் ஊர்க்காரர்கள் முகம், ஒரு ஜன்னலில் ஆடு. முன்னால் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில், "கண்டிப்பாக நிற்கும்" என்று எழுதியிருந்தது.

குடத்தோடு ஒரு அக்கா வந்தார். காரைப் பார்த்தார், என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். "காலண்டர் கம்பெனி தாயியா? இப்பத்தான் வாரீகளா?"

என்னை எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒரு பஸ்ஸும் இங்கன நிக்க மாட்டேங்குது. மனு குடுத்து அலுத்துப்போயி, தீப்பெட்டி ஆபீசு லீவு அன்னைக்கு ஏம் மருமக இத வரஞ்சா. ஊர்ப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போனோம். அதுக்குள்ள ஒரு திங்கக்கெழம ஒங்க அண்ணாச்சி வந்துட்டாக. அடுத்த ஸ்டாப்புல எறங்கி, அம்புட்டு வெயில்ல நடந்தே வந்தாக. 'ஏந் தாயி கார்ல வரும், படம் எடுக்கும், அதுவரைக்கும் அழிச்சிராதீக'ன்னு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனாக. அதான் இந்தச் சுவத்த மட்டும் விட்டுவச்சோம்." குடத்தை இறக்கிவைத்தார். "அவுக வரலையா?"

"வரல அக்கா" என்றேன். உட்கார்ந்து அழ வராத நான், அந்தப் பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். இறப்பதற்கு முந்தின நாள் அண்ணாச்சியை அந்த வெயிலில் நடக்க வைத்தவள் நான். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படம்தான் டிசம்பர். அருவி இல்லை. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வரும்போது பாருங்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்த இடதுபக்கக் கண்ணாடி. இறக்கித்தான் ஓட்டுகிறேன். பக்கத்து இருக்கையில் புழுதி படிகிறது, துடைப்பதில்லை. நேரமாகிறது என்று இன்னும் மனசு கிடந்து பறக்கத்தான் செய்கிறது. ஆனாலும் வழியில் ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிடுகிறேன் அண்ணாச்சி.